ஷார்ஜா போகிறோம், நம்ம ப்ரீபெய்டு நம்பரை என்ன செய்வது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கமுங்க. நம்பியூர் பக்கத்தில் இருந்து ஒரு ஐயா குரல் பதிவாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். இரண்டு முறை போட்டுக் கேட்டேன். பெருந்துறையில் நம்ம கடைக்கு வருகிறவர்களிலும் வாரத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பேரன் பேத்தி பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார்கள். அதனால் இன்றைக்கு இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் கேட்டது இதுதான். பையன் ஷார்ஜாவில் இருக்கிறான். அடுத்த மாதம் அவரும் வீட்டம்மாவும் கோயமுத்தூரில் இருந்து நேராக ஷார்ஜா விமானத்தில் போகிறார்கள். 50 நாள் இருப்பார்கள். இரண்டு பேருடையதும் ப்ரீபெய்டு நம்பர். இங்கேயே ரோமிங் பேக் (நம்ம சிம்மையே வெளிநாட்டில் ஓட்டுவதற்கான ரீசார்ஜ்) போட்டுக்கொண்டு போவதா, அங்கே போய் சிம் வாங்குவதா? பேங்க் ஓடிபி வருமா? வாட்ஸ்அப் போய்விடுமா? கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: தோட்டத்து மோட்டாரை போனில் இருந்துதான் போடுகிறேன், ஷார்ஜாவில் இருந்தும் போட முடியுமா என்று. மோட்டாருக்குக் கடைசியில் வருகிறேன், அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

ஐயா, முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் செய்யுங்கள். நம்ம ஊர் சிம் போனிலேயே இருக்கட்டும், உயிரோடும் இருக்கட்டும். ஆனால் அதில் பேசவும் வேண்டாம், நெட் போடவும் வேண்டாம். பேச்சுக்கும் நெட்டுக்கும் அங்கே ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பத்து இலக்க நம்பரில்தான் பேங்க், ஆதார், கேஸ் புக்கிங், பால் பணம் ஏறுகிற கணக்கு எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கிறது. பீரோ சாவி மாதிரி அது. சாவியை இடுப்பில் வைத்திருப்போமே தவிர, அதை வைத்துத் தேங்காய் உரிக்க மாட்டோம்.

நம்ம சிம்மில் அங்கே பேசினால் ஏன் காசு அதிகம் போகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவு இருக்கும், ஆரம்பத்தில் இங்கேயே செல்போனில் நமக்கு வரும் காலுக்கும் நாம்தான் காசு கொடுத்தோம். 2003 மே மாதத்தில்தான் அது மாறி, கூப்பிடுகிறவர் மட்டும் காசு கொடுப்பது என்று ஆனது. வெளிநாட்டு ரோமிங்கில் அந்தப் பழைய கணக்கு இன்னும் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருந்து யாரோ உங்களைக் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். அவருக்கு நீங்கள் ஷார்ஜாவில் இருப்பது தெரியாது. அவர் உள்ளூர் காலுக்கு உள்ள காசுதான் கொடுக்கிறார். அந்தக் கால் முதலில் உங்கள் சிம் கம்பெனிக்கு இங்கேயே வருகிறது, அப்புறம் இங்கிருந்து கடல் தாண்டி ஷார்ஜா டவருக்குப் போகிறது. லாரி ஆபீஸில் நம்பியூர் விலாசத்துக்குப் போட்ட மூட்டையை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால், மறு வாடகை யார் கொடுப்பது? வாங்குகிறவர்தான். அதே கணக்கு. நீங்கள் எடுத்து "ஹலோ" என்றால் அந்த இரண்டாவது தூரத்துக்கான காசு உங்கள் பேலன்ஸில் இருந்து போகும். எடுக்காமல் விட்டால் போகாது.

எடுக்காமல் விட்டாலும் காசு போகிற ஒரு வழி உண்டு. கால் ஃபார்வர்டிங். பிஸியாக இருந்தால், எடுக்காவிட்டால் வேறு நம்பருக்குப் போகட்டும் என்று போட்டு வைத்திருப்பீர்கள், பல பேருக்கு அது போட்டிருப்பதே தெரியாது. அப்போது கால் இங்கிருந்து ஷார்ஜா போய், அங்கே நீங்கள் எடுக்காததால் திரும்ப இந்தியாவுக்கு வரும். இரண்டு வாடகை. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ##002# என்று போட்டுக் கால் பட்டனை அழுத்துங்கள். எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகிவிடும். அரை நிமிட வேலை.

ப்ரீபெய்டு வைத்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்பெய்டு என்றால் அங்கே ஆனதெல்லாம் சேர்ந்து மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும். ப்ரீபெய்டில் அந்த ஊர் டவர், ஒவ்வொரு காலுக்கும் நம் கம்பெனியின் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: இந்த நம்பரில் பாக்கி இருக்கிறதா, இன்னும் எத்தனை நிமிடம் விடலாம் என்று. பாக்கி தீர்ந்தால் அத்தோடு நிற்கும். அதற்கு மேல் ஒரு பைசா போகாது. ஆனால் இப்படிக் கேட்டுச் சொல்லும் ஏற்பாடு இரண்டு கம்பெனிக்கும் நடுவில் இருந்தால்தான் ப்ரீபெய்டு ரோமிங்கே வேலை செய்யும். அதனால்தான் போஸ்ட்பெய்டு எடுக்கிற சில நாடுகளில் ப்ரீபெய்டு எடுக்காது. ஷார்ஜா இருக்கிற அமீரகம், சிங்கப்பூர் மாதிரி நம் ஆட்கள் நிறையப் போகிற இடங்களில் சிக்கல் இருக்காது. இருந்தாலும் உங்கள் கம்பெனி ஆப்பில் நாட்டின் பெயரைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வேலிடிட்டி. எல்லாரும் இதில்தான் மாட்டுகிறார்கள். நீங்கள் 50 நாள் போகிறீர்கள், உங்கள் பேக் 28 நாள். போய் மூன்றாவது வாரத்திலோ நான்காவது வாரத்திலோ பேக் முடியும். முடிந்தால் நாம் பேச முடியாது என்பது மட்டும் இல்லை, சில நாளில் உள்ளே வருவதும் நின்றுவிடும். ஓடிபியும் உள்ளே வருவதுதானே? அதுவும் வராது.

"90 நாள் வரைக்கும் நம்பரை எடுக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான். டிராய், அதாவது நம்ம நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2013-இல் கொண்டுவந்த விதி அது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் ப்ரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும். துண்டித்த பிறகும் 15 நாளுக்குள் போனால் அதே நம்பரை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் ஐயா, நம்பர் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதற்கு மெசேஜ் வந்து சேர்வது வேறு. இந்த விதி முதலாவதைத்தான் காப்பாற்றுகிறது. ஓடிபிக்கு பேக் உயிரோடு இருக்க வேண்டும்.

அதற்காகத் தினம் இரண்டு ஜிபி நெட் உள்ள பெரிய பேக் போட வேண்டாம். 50 நாள் இங்கே இல்லாத நெட்டுக்கு எதற்குக் காசு? 2024 டிசம்பரில் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கும் கட்டாயம் விற்க வேண்டும், 365 நாள் வரைக்கும் வேலிடிட்டி தரலாம் என்று. அதற்கப்புறம் 84 நாள், ஒரு வருஷம் என்று அப்படிப்பட்ட பேக் வந்திருக்கிறது. ஆப்பில் அது முதல் பக்கத்தில் இருக்காது, கொஞ்சம் கீழே தள்ளித் தேட வேண்டும். கடையில் கேட்டாலும் "வாய்ஸ் ஒன்லி" என்று சொல்லிக் கேளுங்கள். 84 நாள் பேக் போட்டுவிட்டால் போய்விட்டு வந்த பிறகும் ஒரு மாதம் மிச்சம் இருக்கும். வீட்டம்மாவின் நம்பருக்கும் சேர்த்துப் போடுங்கள்.

பேக் போட்டால் மட்டும் போதாது, சர்வதேச ரோமிங்கை இயக்கியும் இருக்க வேண்டும். சில சிம்மில் ஆப்பில் ஒரு பட்டன், சிலதில் அதற்கென்று தனியாக ஒரு ரீசார்ஜ். எதுவாக இருந்தாலும் இங்கே இருக்கும்போதே செய்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்யலாம் என்றால், இயக்குவதற்கே அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்புவார்கள். அது வர டவர் வேண்டும். டவர் வர ரோமிங் இயங்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் சாவி. ரோமிங் இயங்கினால் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு இல்லை, ஓடிபி வந்துவிடும். பேசுவதற்கான ரோமிங் பேக் உங்களுக்குத் தேவை இல்லை. நான்கு நாள், ஐந்து நாள் வேலையாகப் போய்விட்டு வருகிறவர்களுக்கு அது நல்லது, சிம் வாங்குகிற அலைச்சல் மிச்சம். 50 நாளுக்கு அது வீண் செலவு.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019-இல் எங்கள் அக்காவின் பிரசவத்துக்கு அம்மா சிங்கப்பூர் போனார். அம்மாவிடம் பட்டன் போன். பேங்கில் கொடுத்திருந்ததும் அந்த நம்பர்தான். சிம் வாங்கின கடையில் ரோமிங் போட்டுக் கொடுத்து, எங்கே போனாலும் எடுக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதில் இருந்து அந்த போனில் டவரே வரவில்லை. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள், அம்மாவின் போன் 2ஜி போன். சரி, சிம்மை மட்டும் எடுத்து அக்காவின் பழைய போனில் போடலாம் என்று பார்த்தால், அது பத்து வருஷத்துப் பழைய பெரிய சிம். அக்கா போனில் நானோ சிம் ட்ரே. மாமா பொறுமையாகத்தான் கத்தரியை வைத்து ஓரம் நறுக்கினார். ஒரு நூலளவு உள்ளே போய்விட்டது, மஞ்சள் தகட்டின் மூலையில் ஒரு கீறல். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்த போனில் போட்டாலும் "சிம் இல்லை" என்றே வந்தது.

நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டிய தேதி நடுவில் வந்தது. ஓடிபி அந்த நம்பருக்கு. மாற்று சிம் வாங்க வேண்டும் என்றால் அம்மாவே இங்கே வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதை நினைத்தே கலங்கிக்கொண்டிருந்தார் என்று அக்கா சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அன்றில் இருந்து கடைக்கு யார் வந்து வெளிநாடு போகிறேன் என்றாலும் முதலில் சிம்மைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன்.

நீங்களும் பாருங்கள். பழைய பெரிய சிம்மாக இருந்தால் நானோ அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பார்கள், மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. கடைசி நாளில் மாற்றினால் அந்த ஒரு நாளும் பயணத்தில் போய்விடும். இந்தச் சமயத்தில் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்வதும் வேண்டாம். பட்டன் போன் வைத்திருந்தால் அதை நம்பிப் போக வேண்டாம். சிங்கப்பூரில் 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டார்கள், அமெரிக்காவில் 2022-இலேயே 3ஜி முடிந்துவிட்டது. 4ஜியில் பேசுகிற வசதி, வோல்ட்இ என்பார்கள், அது உள்ள போன்தான் இனி எந்த ஊருக்கும் சரி.

இப்போது என் கையைப் பாருங்கள். இது ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனின் சிம் ட்ரே. இரண்டு குழி இருக்கிறது. முதல் குழியில் சிம். இரண்டாவது குழியில் பாருங்கள், மெமரி கார்டு உட்கார்ந்திருக்கிறது. பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான். விமான நிலையத்தில் சிம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இடம் இல்லையே என்று நம்ம ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடுவார்கள். அங்கேயே ஓடிபி போச்சு. மெமரி கார்டில் இருக்கிற கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் இங்கேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, இரண்டாவது குழியைக் காலியாகக் கொண்டு போங்கள். ட்ரேயைத் திறக்கிற ஊசி போன் டப்பாவில் இருந்திருக்கும், டப்பா எங்கே போனதென்றே தெரியாது. கவலை வேண்டாம், உங்கள் வீட்டம்மா தாலிக்கொடியில் நாலு ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள். அதில் சின்ன ஊக்கு ஒன்று போதும், மெதுவாக நேராகக் குத்தினால் ட்ரே வந்துவிடும். பக்கத்தில் மைக்குக்கும் ஒரு துளை இருக்கும், அதில் குத்திவிடாதீர்கள். ட்ரே துளைக்குச் சுற்றி ஒரு கோடு தெரியும், அதுதான் அடையாளம்.

இரண்டாவது குழியே இல்லாத போன் என்றால், நம்ம சிம்மை இ-சிம்மாக (தனியாக அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) மாற்றிக்கொள்ளலாம், போன் அதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அதுவும் பத்து நாள் முன்னால்தான்.

விமானத்தில் ஏறியதும் ஃப்ளைட் மோடு. இது விமானத்துக்காக மட்டும் இல்லை. சில விமானத்திலும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாக ஒரு செல்போன் நெட்வொர்க் வைத்திருப்பார்கள். நம்ம போன் அதைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு.

ஃப்ளைட் மோடை எடுப்பதற்கு முன்னாலேயே செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், நம்ம சிம்முக்கு நேராக இருக்கிற டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஏனென்றால் இறங்கி டவர் கிடைத்த அடுத்த நொடி போட்டோ ஏறும், ஆப் எல்லாம் அப்டேட் ஆகும், போட்ட பேலன்ஸ் நீங்கள் பெட்டி எடுப்பதற்குள் போய்விடும். அங்கே வாங்கிய சிம்மைப் போட்டதும் "மொபைல் டேட்டா எந்த சிம்மில்" என்று கேட்கும், புது சிம்மைக் கொடுங்கள். ஒரு சிம்மில் நெட் மெதுவானால் இன்னொன்றுக்குத் தானாக மாறட்டுமா என்று ஒரு பட்டன் இருக்கும், அதையும் அணையுங்கள். பையன் விமான நிலையத்துக்கு வருவார், அவரே செய்துவிடுவார். இருந்தாலும் நீங்களும் ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள், அவர் வேலைக்குப் போன நேரத்தில் கை கொடுக்கும்.

அமீரகத்தில் எடிசலாட், டு என்று இரண்டு பெரிய கம்பெனி. சிம் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும், உங்கள் விசாவோடு பதிவு செய்துதான் கொடுப்பார்கள். சுற்றுலா சிம் பேக் பெரும்பாலும் 28 நாள் கணக்கு, உங்களுக்கு இரண்டு முறை போட வேண்டி வரும். பையன் தன் பெயரில் இன்னொரு சிம் எடுத்துத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரவர் பாஸ்போர்ட்டில் அவரவர் சிம் இருப்பதுதான் அந்த ஊரில் நல்லது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக நெட் வேண்டுமா என்று யோசியுங்கள். வீட்டில் வைஃபை இருக்கும். வெளியே போகிறவருக்கு ஒரு நெட் சிம் போதும்.

வாட்ஸ்அப் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. வாட்ஸ்அப் உங்கள் நம்ம ஊர் நம்பரிலேயே இருக்கும், நெட் மட்டும் ஷார்ஜா சிம்மில் இருந்து எடுத்துக்கொள்ளும். புது சிம்மைப் போட்டதும் "நம்பரை மாற்றட்டுமா" என்று கேட்டால் மாற்ற வேண்டாம் என்று கொடுங்கள். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். 2025 நவம்பரில் நம்ம நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை, பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இந்த மாதிரி ஆப் இயங்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. நம்ம சிம்மைக் கழற்ற வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்று, இதை இங்கேயே சொந்தபந்தத்துக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், போட்டோ போகும், குரல் பதிவு போகும். வாய்ஸ் காலும் வீடியோ காலும் போகாது. அந்த நாட்டிலேயே தடுத்து வைத்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் போய், போன் கெட்டுவிட்டது என்று நினைத்து என்னை அழைத்தவர்கள் உண்டு. அங்கே அனுமதி பெற்ற ஆப் இருக்கிறது, போடிம் அதில் ஒன்று, பையன் வைத்திருப்பார். நம்ம ஊரில் பேச வேண்டியவர்கள் போனிலும் அதைப் போட்டு, ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டுப் போங்கள். யாராவது விபிஎன் (நாம் எங்கிருந்து நெட் போடுகிறோம் என்பதை மறைக்கிற ஆப்) போட்டால் வாட்ஸ்அப் கால் வரும் என்று சொல்வார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். தடை செய்த காரியத்தை மறைக்க விபிஎன் பயன்படுத்தினால் அந்த நாட்டுச் சட்டத்தில் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் இருக்கிறது. பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பயம் எதற்கு?

பண விஷயத்தில் இன்னும் இரண்டு. யூபிஐ ஆப்பை அங்கே போய்ப் புது போனில் போடாதீர்கள். யூபிஐயில் முதல் பதிவின்போது நம் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். வெளிநாட்டில் இருந்து அது சரியாகப் போகாது, போனாலும் காசு. இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டு போங்கள். பையனுக்கு ஒரு தகவல்: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ பேங்க் கணக்கு இருந்தால் அமீரக நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023-இல் இருந்து வழி இருக்கிறது. அப்புறம், பேங்கின் 1800 நம்பர் வெளிநாட்டில் இருந்து எடுக்காது. கார்டு பின்னால் +91 என்று தொடங்கும் நம்பர் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த +91-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் எல்லாரும் போனில் பெயர்களை வெறும் பத்து இலக்கமாகத்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். ஷார்ஜா சிம்மில் இருந்து அப்படியே போட்டால் அது அந்த ஊர் நம்பரைத் தேடும், கிடைக்காது. முன்னால் +91 வேண்டும். பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும். தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர், டாக்டர், பால் சொசைட்டி, இந்த மாதிரி ஒரு பத்து பேருக்காவது இன்றைக்கே +91 சேர்த்துச் சேமித்துவிடுங்கள். இங்கே பேசும்போதும் அது வேலை செய்யும், மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. அங்கே ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. *#06# போட்டால் வரும் பதினைந்து இலக்க எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட் உறையில் வையுங்கள். போன் தொலைந்தால் அதைக் கொடுத்துத்தான் முடக்க முடியும்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் ஜெர்மனி போனால், அங்கே வாங்கும் சிம் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க உள்ளூர் கட்டணத்திலேயே ஓடும், 2017 ஜூனில் இருந்து அந்த விதி இருக்கிறது. சுவிட்சர்லாந்தும் இங்கிலாந்தும் அதில் இல்லை. எல்லை தாண்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூரில் இருந்து பம்ப், மோட்டார் வேலையாகக் குவாங்சோ கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் நான் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். சீனாவில் உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் வராது. நம்ம சிம்மில் ரோமிங் டேட்டா பேக் போட்டுக்கொண்டால் வரும், ஏனென்றால் ரோமிங் நெட் நம் கம்பெனி வழியாகச் சுற்றித்தான் போகிறது. அமெரிக்காவில் இருந்து பிள்ளைகள் ஐபோன் வாங்கிக் கொடுத்தால், 14-ஆம் மாடலில் இருந்து அங்கே விற்கும் போனில் சிம் குழியே இருக்காது, இ-சிம் மட்டும்தான்.

இப்போது மோட்டார். ஐயா, உங்கள் தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது, நீங்கள் கூப்பிட்டதும் அது உங்கள் நம்பரைப் பார்க்கிறது. பதிவு செய்த நம்பரா, சரி, மோட்டாரை ஓட்டு. இல்லையா, பேசாமல் இரு. ஷார்ஜா சிம்மில் இருந்து கூப்பிட்டால் அதற்கு உங்களைத் தெரியாது. நம்ம சிம்மிலேயே ரோமிங்கில் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் காசு, அதோடு நாடு தாண்டி வரும்போது நம்பர் சரியாகக் காட்டாமல் வருவதும் உண்டு. காட்டவில்லை என்றால் மோட்டார் ஓடாது. அதைவிட மோசம், ஓட்டிவிட்டு நிறுத்த முடியாமல் போவது. கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் போய்விடும், 50 நாள் பயணத்தில் அந்தச் செலவு வேண்டாம்.

அதனால் மோட்டாரைத் தம்பியிடமோ பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்டார்ட்டரில் ஒன்றுக்கு மேல் நம்பர் பதிவு செய்யலாம், பெட்டி மாட்டிய ஆளைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். பெட்டிக்குள் இருக்கும் சிம்மும் ப்ரீபெய்டுதான், அதன் வேலிடிட்டி என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். அது ஞாபகத்துக்கே வராது. அதற்கும் சேர்த்து ரீசார்ஜ் போட்டுவிட்டு, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் தம்பியை அவர் வீட்டில் இருந்தே கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கிணற்று மேட்டில் நின்று, தண்ணீர் தொட்டியில் விழுகிறதா, அவர் நிறுத்தினால் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.